நாற்பத்திரண்டு ஆட்டங்கள்

ஒரு நாட்டு மக்களின் வரலாறு போர்க்களங்களிலும் சட்டமன்றங்களிலும் மட்டும் எழுதப்படுவதன்று. அவர்கள் கூடிக் களிக்கும் ஆடுகளங்களிலும் அது எழுதப்படுகின்றது. அமெரிக்க மக்கள் தங்கள் நாட்டு ஆட்டம் என்று பெருமையுடன் கூறிக்கொள்ளும் பேஸ்பால் ஆட்டத்தின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்றாகும்.

1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களம் இறங்கினார். அமெரிக்க முதல்தர பேஸ்பாலில் நிலவிவந்த நிறத்தடை அன்று உடைந்தது. இதனை உலகம் நன்கறியும். ஆனால், அன்று உடைந்த தடை எப்போது எழுந்தது? எவர் எழுப்பினர்? எவ்வாறு எழுப்பினர்? இவற்றை அறிந்தோர் சிலரே. இவ்வினாக்களுக்கு விடை காண விரும்புவோர், ராபின்சனுக்கு 63 ஆண்டுகள் முன்னதாக, ஒரே ஒரு பருவத்தில் 42 முதல்தர ஆட்டங்கள் ஆடிய மோசஸ் பிளீட்வுட் வாக்கர் என்பவரின் வாழ்க்கையை அறிதல் வேண்டும். அவர் ஆடிய காலம் குறுகியது. அது காட்டும் உண்மையோ பெரிது.

பிறப்பும் கல்வியும்

வாக்கர் 1856ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், ஓஹையோ மாநிலத்தின் கிழக்கெல்லையை அடுத்த மவுண்ட் பிளசண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். குவேக்கர் என்னும் கிறித்தவ சமயப் பிரிவினர் மிகுதியாக வாழ்ந்த ஊர் அது. அடிமை முறையைப் பாவம் என்று கருதிய அவர்கள், தெற்கிலிருந்து தப்பிவந்த அடிமைகளுக்குப் புகலிடம் அளித்துவந்தனர். வாக்கர் பிறந்தபோது அமெரிக்காவில் அடிமை முறை இன்னும் சட்டத்தின் காவலில் இருந்தது. அதனை ஒழித்த அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறிய 1865ஆம் ஆண்டில் அவர் ஒன்பது வயதுச் சிறுவர்.

பின்னர்க் குடும்பம் அருகிலுள்ள ஸ்டூபன்வில் நகரில் குடியேறியது. தந்தையார் அங்கு மருத்துவராகப் பணியாற்றினார். பிற்காலத்தில் சமயத் தொண்டராகவும் விளங்கினார். கல்வியின் அருமை அறிந்த குடும்பமாதலின், மகன் ஓபர்லின் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். அக்கல்லூரி சிறப்பு வாய்ந்தது. 1835ஆம் ஆண்டிலேயே கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்வதென முடிவு செய்த நிலையம் அது. அங்கே வாக்கர் வெள்ளை மாணவர்களுடன் ஒரே வகுப்பில் அமர்ந்து கிரேக்கமும் இலத்தீனும் பயின்றார். அவர்களுடன் ஒரே அணியில் பந்தும் ஆடினார். 1881ஆம் ஆண்டு அக்கல்லூரி அணியில் அவரும் அவருடைய தம்பி வெல்டே வாக்கரும் சேர்ந்தே இடம்பெற்றனர். அடுத்த ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலச் சென்றார். அங்கும் ஆட்டத்திற் சிறந்து விளங்கினார். எனினும் பட்டம் பெறும்வரை அவர் படிக்கவில்லை. பந்தாட்டம் அவரைத் தொழிலாக அழைத்துக்கொண்டது.

வெறுங்கையால் பந்து பிடித்தவர்

வாக்கர் ஏற்ற பணியின் கடுமையை உணர, இவ்வாட்டத்தைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்ப் பள்ளித் திடல்களில் மாணவர் ஆடும் சாஃப்ட்பால், பேஸ்பாலிலிருந்து கிளைத்ததே. பந்து எறிபவர் ஒருவர். அதனை மட்டையால் அடிப்பவர் எதிரணியினர் ஒருவர். அடிபடாமல் வரும் பந்தைப் பிடிப்பதற்காக அவருக்குப் பின்னால் குந்தி அமர்ந்திருப்பவர் ஒருவர். கிரிக்கெட் ஆட்டத்தில் விக்கெட் காப்பாளர் எத்தகையவரோ, பேஸ்பாலில் பந்து பிடிப்பவர் அத்தகையவர். எந்த வகைப் பந்தை எறிய வேண்டும் என்று எறிபவருக்குச் சைகை காட்டுபவரும் அவரே. எனவே எறிபவரும் பிடிப்பவரும் ஒருவரையொருவர் முழுதும் நம்பினாலன்றி அணி வெல்லுதல் அரிது.

வாக்கர் பந்து பிடிப்பவர். இன்று அப்பணியில் இருப்போர் அணியும் தடித்த கையுறையும் காற்கவசமும் அக்காலத்தில் இல்லை. பெரும்பாலும் வெறுங்கையாலோ மெல்லிய கையுறையாலோதான் விரைந்து வரும் பந்தைத் தடுத்தாக வேண்டும். விரல்கள் முறிவதும் உள்ளங்கை வீங்குவதும் அன்றாட நிகழ்ச்சிகள். அதனாலேயே பந்து பிடிப்பவர்கள் ஒரு பருவத்தின் எல்லா ஆட்டங்களிலும் ஆட இயலாதவராயினர். அத்தகைய கடும்பணியில் வாக்கர் பெயர் பெற்றார் என்பதே அவர் திறமைக்குச் சான்று.

திறமை இருந்தும் அவமதிப்புத் தொடர்ந்தது. 1881ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிளீவ்லாந்து நகரத்து அணி ஒன்றுடன் அவர் கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகருக்குச் சென்றார். அங்கே தங்கிய விடுதியில் அவருக்குக் காலை உணவு மறுக்கப்பட்டது. ஆட்டத்திலும் அவரைச் சேர்க்கலாகாது என்று எதிரணி தடுத்தது. அவருக்கு மாற்றாகப் பந்து பிடிக்க வந்தவர் கை நொந்து விலக நேர்ந்தபோது, கூடியிருந்த மக்களில் பலர் வாக்கரையே அழைத்துக் குரல் எழுப்பினர். அவர் களத்தினுள் வந்ததும் எதிரணியினர் சிலர் ஆட மறுத்து வெளியேறினர். முடிவில் வாக்கர் வெளியிலேயே அமர்ந்திருக்க நேர்ந்தது. மக்கள் விரும்பினர், ஆட்டக்காரர் சிலர் மறுத்தனர், மறுத்தவர் சொல்லே நின்றது. அவர் வாழ்வில் இக்காட்சி பின்னரும் நிகழ்ந்தது.

அசையாத மேலாளர்

1883ஆம் ஆண்டு வாக்கர் டொலீடோ நகரத்து அணியிற் சேர்ந்து, வடமேற்கு லீக் என்னும் போட்டித் தொடரில் ஆடத் தொடங்கினார். அவ்வாண்டு மார்ச்சு மாதம் கூடிய அந்த லீக்கின் கூட்டத்தில், கறுப்பின ஆட்டக்காரர்களைத் தடுக்க வேண்டும் என்று பியோரியா நகரத்து அணியின் சார்பில் ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டது. விவாதத்திற்குப் பின் அது ஏற்கப்படாமற் போயிற்று. அப்பருவத்தில் டொலீடோ அணியே தொடரின் வெற்றி அணியாயிற்று.

அவ்வாண்டு ஆகஸ்டு 10ஆம் நாள், அந்நாளில் நாடெங்கும் புகழ் பெற்றிருந்த சிக்காகோ அணி ஒரு காட்சி ஆட்டத்திற்காக டொலீடோ வந்தது. அதன் தலைவர் கேப் ஆன்சன். அக்காலத்து ஆட்டக்காரருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர். கறுப்பினத்தார் ஒருவர் களத்தில் நின்றால் தம் அணி ஆடாது என்று அவர் அறிவித்தார். உண்மையில் வாக்கருக்கு அன்று கையில் நோவு. அவருக்கு ஓய்வு தரவே டொலீடோ மேலாளர் சார்லி மார்ட்டன் எண்ணியிருந்தார். ஆன்சனின் மிரட்டலைக் கேட்டதும் மார்ட்டன் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டு, வாக்கரை வெளிக்களத்தில் நிறுத்தினார். சிக்காகோ ஆடாவிட்டால் நுழைவுக் கட்டணத்தில் அதற்குரிய பங்கு கிடையாது என்றும் உணர்த்தினார். ஆன்சன் வாய்விட்டுப் பழித்தார், ஆயினும் ஆடினார். ஆட்டத்தில் சிக்காகோ 7-6 என்னும் கணக்கில் வென்றது. கொள்கையில் டொலீடோ வென்றது.

இந்நிகழ்ச்சி ஊன்றி நோக்கத்தக்கது. ஆன்சன் கோரியது சட்டத்தின்படி அமைந்த உரிமையன்று. அவர் கையில் ஆணை ஏதும் இல்லை. ‘ஆடமாட்டேன்’ என்ற மிரட்டல் ஒன்றே அவருடைய படைக்கலம். ‘ஆடாவிட்டால் போ’ என்று ஒரு மேலாளர் கூறியவுடன் அப்படைக்கலம் முனை மழுங்கிப்போயிற்று.

1884ஆம் ஆண்டுப் பருவம்

அடுத்த ஆண்டு டொலீடோ அணி அமெரிக்க சங்கம் என்னும் முதல்தர லீக்கில் சேர்ந்தது. அணியுடன் வாக்கரும் முதல்தர ஆட்டக்காரரானார். 1884ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் அவருடைய முதல் ஆட்டம். நடந்த இடம் லூயிவில். மூன்றாண்டுகளுக்கு முன் அவருக்கு உணவும் ஆட்டமும் மறுத்த அதே நகரம்! அன்று அவர் மூன்று முறை மட்டை பிடித்தும் ஒன்றும் அடிக்க இயலவில்லை. பந்து பிடிப்பதில் நான்கு பிழைகளும் செய்தார். டொலீடோ 5-1 என்று தோற்றது.

தொடக்கம் தாழ்ந்ததேயன்றிப் பருவம் தாழவில்லை. ஆடிய 42 ஆட்டங்களில் 152 முறை மட்டை பிடித்து 40 அடிகள் அடித்தார். சராசரி .263. அணியில் அவரினும் மிகுந்த சராசரி பெற்றோர் இருவரே. சில வாரங்கள் அவருடைய தம்பி வெல்டேயும் அணியிற் சேர்ந்து ஆடினார்.

அணிக்குள்ளேயே அவர் பட்ட துன்பம் பிற்காலத்திலேயே வெளிப்பட்டது. அணியின் தலைசிறந்த பந்து எறிபவர் டோனி மல்லேன். அவர் 35 ஆண்டுகள் கழித்து, 1919ஆம் ஆண்டில், ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். தமக்குப் பந்து பிடித்தவர்களுள் வாக்கரே மிகச் சிறந்தவர் என்றார். ஆனால், கறுப்பினத்தாரைத் தமக்குப் பிடிக்காதாகையால், வாக்கர் காட்டிய சைகைகளை நோக்காமல் மனம் போனபடி எறிந்ததாகவும் கூறினார். எந்தப் பந்து வரும் என்று அறியாமலே, வெறுங்கையுடன் அமர்ந்து, விரைந்து வருவதைத் தடுத்த ஒருவரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏட்டில் அவர் பெயருக்கு நேரே எழுதப்பட்ட பிழைகள் யாவும் அவருடையவை அல்ல என்பது இதனால் விளங்கும்.

ஜூலை மாதம் பந்து தாக்கி அவருடைய விலா எலும்பு முறிந்தது. செப்டம்பர்த் தொடக்கத்திற்குப் பின் அவர் ஆடவில்லை. அதே வேளையில் மேலாளர் மார்ட்டனுக்கு வர்ஜினியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரிலிருந்து செப்டம்பர் 5ஆம் நாளிட்ட மடல் ஒன்று வந்தது. வாக்கர் அந்நகரில் களம் இறங்கினால், உறுதி பூண்ட 75 பேர் அவரைத் தாக்குவர் என்று அம்மடல் மிரட்டிற்று. டொலீடோ அணி ரிச்மண்டுக்குச் செல்லுமுன்பே, செப்டம்பர் மாதத்தில் வாக்கர் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டுவிட்டார்.

நடுநிலையுடன் கூறின், அவருடைய முதல்தர ஆட்டம் 1884இல் நின்றதற்கு நிறவெறி ஒன்றே காரணம் என்று சொல்லிவிடுதல் பொருந்தாது. அவர் காயமுற்றிருந்தார். பருவ முடிவில் எட்டாம் இடத்தில் நின்ற அவ்வணியும் அந்த லீக்கைவிட்டு நீங்கிற்று. அவர் மீண்டும் முதல்தர ஆட்டத்திற்குத் திரும்பாமைக்கு நிறவெறியே காரணம் என்பதைப் பின்வரும் ஆண்டுகள் காட்டும்.

கதவு அடைபட்ட நாள்

விடுவிக்கப்பட்ட பின்னும் வாக்கர் ஆட்டத்தைக் கைவிடவில்லை. கிளீவ்லாந்து, வாட்டர்பெரி ஆகிய நகரங்களின் அணிகளில் ஆடிவிட்டு, 1887ஆம் ஆண்டு நியூவர்க் அணியிற் சேர்ந்தார். பன்னாட்டு லீக் எனப் பெயர் பூண்ட, முதல்தரத்திற்கு அடுத்த படியில் இருந்த தொடர் அது. அங்கே பந்து எறிந்தவர் ஜார்ஜ் ஸ்டோவி என்னும் கறுப்பின வீரர். எறிபவரும் பிடிப்பவரும் இருவருமே கறுப்பினத்தாராக அமைந்த அவ்விணை எதிரணிகளை நடுங்கச் செய்தது. ஸ்டோவி அப்பருவத்தில் முப்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களை வென்றார். எருமைநகர் எனப் பொருள்படும் பெயருடைய பஃபலோ நகரத்து அணியில் பிராங்க் கிராண்ட் என்னும் மற்றொரு கறுப்பின வீரரும் புகழுடன் ஆடினார். கறுப்பினத்தார் திறமையில் குறைந்தவர் என்று எவரும் சொல்ல இயலாத காலம் அது.

திறமை பெருகிய அளவில் எதிர்ப்பும் பெருகியது. 1887ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் ஆன்சனின் சிக்காகோ அணி நியூவர்க் நகரில் காட்சி ஆட்டம் ஆட வந்தது. நான்காண்டுகளுக்கு முன் டொலீடோவில் எழுப்பிய அதே மறுப்பு மீண்டும் எழுந்தது. ஆனால், நியூவர்க்கில் ஒரு மார்ட்டன் இல்லை. ஸ்டோவியும் வாக்கரும் அன்று களம் இறங்கவில்லை. அதே நாளில் பன்னாட்டு லீக்கின் இயக்குநர்கள் பஃபலோ நகரில் கூடி, கறுப்பின ஆட்டக்காரர்களுடன் இனிமேல் செய்யப்படும் ஒப்பந்தங்களை ஏற்பதில்லை என்று ஆறுக்கு நான்கு என்னும் வாக்குக் கணக்கில் முடிவு செய்தனர்.

1883இல் தோற்ற கோரிக்கை 1887இல் வென்றது ஏன்? கோரியவர் அவரே, கோரியதும் அதுவே. மாறியது மறுத்துரைக்க வேண்டியவர்களின் உள்ளமே. நாட்டின் காற்றும் அப்போது திசை மாறியிருந்தது. பொது இடங்களில் நிற வேற்றுமை கூடாது என்று 1875இல் இயற்றப்பட்ட சட்டத்தை 1883இல் உச்ச நீதிமன்றமே செல்லாதென்று தள்ளியது. ‘தனித்தனி, ஆயினும் சமம்’ என்னும் கோட்பாட்டை 1896இல் அதே மன்றம் ஏற்றது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் பேஸ்பாலின் கதவு மெல்ல மெல்ல மூடப்பட்டது. ஆகவே ஆன்சன் ஒருவர்மேல் மட்டும் பழி முழுவதையும் சுமத்துதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அவர் உரக்கக் கூறியதைப் பலர் உள்ளத்தில் வைத்திருந்தனர்; உடன்படாத சிலரும் பேசாதிருந்தனர்.

வெல்டே வாக்கர் பேசாதிருக்கவில்லை. 1888ஆம் ஆண்டு ஓஹையோ வட்டாரத்து லீக் ஒன்று கறுப்பினத்தாருக்கு இடமளித்த விதியை நீக்கியபோது, அவர் அதன் தலைவருக்கு வெளிப்படையான மடல் ஒன்று எழுதினார். ஒருவரைத் தடுப்பதாயின் அவருடைய திறமைக் குறையையோ ஒழுக்கக் குறையையோ காட்டித் தடுக்க வேண்டும். நிறத்தைக் காட்டித் தடுத்தல் இக்காலத்திற்கு இழுக்கு என்பது அவர் வாதம். ஆடுவதற்கு உரிமை இல்லையெனில், கறுப்பினத்தார் ஆட்டத் திடலுக்குள் வருவதையே குற்றமாக்கிவிடலாமே என்றும் அவர் இடித்துரைத்தார். அவர்களுடைய நுழைவுக் காசு மட்டும் கசக்கவில்லை என்னும் உண்மை அச்சொல்லில் சுட்டது.

அண்ணன் வாக்கர் சிரக்யூஸ் அணியில் 1888, 1889 ஆகிய இரு பருவங்கள் ஆடினார். 1889இல் அவர் விலகியபின், அந்த லீக்கில் 1946ஆம் ஆண்டு வரை கறுப்பினத்தார் ஒருவரும் ஆடவில்லை. அவ்வாண்டு மாண்டிரியால் அணிக்காக வந்தவர் ஜாக்கி ராபின்சன்.

இங்கு ஒன்று குறிப்பிடத்தக்கது. தொழில்முறை ஆட்டம் தோன்றுமுன், 1867ஆம் ஆண்டில், அக்காலத்து ஆட்டக்காரர் சங்கம் கறுப்பினத்தார் அடங்கிய அணிகளை ஏற்பதில்லை என்று வெளிப்படையாகத் தீர்மானித்தது. பின்னர் வந்த முதல்தர லீக்குகளோ அத்தகைய விதியை ஏட்டில் எழுதவில்லை. உடைமையாளர்களிடையே வாய்மொழி உடன்பாடே நிலவியது. எழுதிய சட்டத்தை எதிர்த்து வழக்காடலாம், திருத்தலாம். எழுதாத சட்டத்தைக் காட்டிக் கேட்டால், ‘அப்படி ஒன்று இல்லையே’ என்பர். அறுபது ஆண்டு நீடித்த தடையின் வலிமை அது எழுதப்படாமையிலேயே இருந்தது.

ஆட்டத்திற்குப் பின்

ஆட்டம் நின்றபோது வாக்கருக்கு வயது 32. எஞ்சிய வாழ்வு மேடும் பள்ளமும் நிறைந்தது. 1891ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சிரக்யூஸ் நகரத் தெருவில் வெள்ளையர் சிலர் அவரைச் சூழ்ந்து தாக்கினர். அவர் கத்தியாற் குத்த, அவர்களுள் ஒருவர் இறந்தார். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட வாக்கரை, வெள்ளையர் மட்டுமே அடங்கிய நடுவர் குழு ஜூன் மாதத்தில் குற்றமற்றவர் என்று விடுவித்தது. பின்னர் ஓஹையோ திரும்பி இரயில் அஞ்சல் எழுத்தராகப் பணியாற்றினார். 1898இல் அஞ்சல் களவுக் குற்றத்திற்காக ஓராண்டு சிறை புகுந்தார். வரலாறு அவருடைய குறையையும் மறைத்தல் ஆகாது.

சோர்ந்து கிடக்கும் இயல்பினர் அல்லர் அவர். பீரங்கிக் குண்டு ஒன்றை அமைத்து 1891இலேயே உரிமைப் பட்டயம் பெற்றிருந்தார். 1904ஆம் ஆண்டு முதல் கேடிஸ் என்னும் ஊரில் நாடக அரங்கு ஒன்றை நடத்தி, அங்கே திரைப்படங்களும் காட்டினார். திரைப்படச் சுருள்களைக் கையாளுவதில் புதிய கருவியமைப்புகள் கண்டு 1920இல் மேலும் பட்டயங்கள் பெற்றார். தம்பியுடன் சேர்ந்து செய்தித்தாளும் நடத்தினார்.

1908ஆம் ஆண்டு ‘நம் தாயகக் குடியேற்றம்’ எனப் பொருள்படும் சிறு நூலொன்றை வெளியிட்டார். அமெரிக்காவில் கறுப்பினத்தாரின் நேற்றையும் இன்றையும் நாளையையும் ஆராய்ந்த அந்நூலின் முடிவு யாது? வெள்ளையரும் கறுப்பரும் அந்நாட்டில் சமமாக வாழ்தல் இயலாது; கறுப்பினத்தார் ஆப்பிரிக்காவுக்கே திரும்புதல் வேண்டும் என்பது. குவேக்கர் ஊரில் பிறந்து, ஓபர்லினில் ஒன்றாகப் படித்து, டொலீடோவில் ஒன்றாக ஆடியவரின் இறுதி முடிவு இது. ஒன்றாக வாழ இயலும் என்பதற்குத் தம் இளமையையே சான்றாகக் காட்டத்தக்க ஒருவர், இயலாது என்று எழுத நேர்ந்தது. நிறத்தடை விளைத்த இழப்பினை ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளத்தல் போதாது. இம்முடிவைக் கொண்டும் அளத்தல் வேண்டும்.

1924ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் கிளீவ்லாந்து நகரில் தம் 67ஆம் வயதில் வாக்கர் மறைந்தார். அன்று ஜாக்கி ராபின்சன் ஐந்து வயதுக் குழந்தை. ஸ்டூபன்வில் இடுகாட்டில் வாக்கரின் கல்லறைக்குப் பெயர்க் கல்லும் இல்லாதிருந்தது. ஓபர்லின் கல்லூரியைச் சார்ந்தோர் 1991ஆம் ஆண்டில்தான் அங்கு ஒரு கல் நாட்டினர். அவர் பிறந்த அக்டோபர் 7ஆம் நாளை அவருடைய நினைவு நாளாக ஓஹையோ மாநிலம் 2017இல் சட்டத்தின் வாயிலாக ஏற்றது.

வரலாறு கூறும் பாடம்

வாக்கருக்கும் முன்னதாக, 1879இல், வில்லியம் எட்வர்டு ஒயிட் என்பவர் பிராவிடன்ஸ் அணிக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். அவருடைய தாயார் கலப்பினத்து அடிமைப் பெண் என்பதைப் பிற்கால ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். ஆனால் அவர் வெள்ளையராகவே வாழ்ந்தவர். கறுப்பினத்தார் என்று தம்மை யாவரும் அறிய முதல்தர ஆட்டத்தில் நின்றவர் வாக்கரே.

ராபின்சனின் பெருமை இதனாற் சிறிதும் குறைவதில்லை. அவருடைய துணிவு இன்னும் தெளிவாக விளங்குகின்றது. அவர் உடைத்த தடை தொன்றுதொட்டு வந்த இயற்கைத் தடையன்று. ஒரு தலைமுறைக் காலத்தில், பெயர் சொல்லத்தக்க மனிதர்கள், நாள் குறிக்கத்தக்க கூட்டங்களில், ஒவ்வொரு கல்லாக அடுக்கிய சுவர் அது. வழக்கம் என்று ஒன்றைக் கேட்டவுடன் பழமையானது, மாற்றொணாதது என்று மக்கள் மயங்குகின்றனர். அது தொடங்கிய நாளைத் தேடிக் காட்டுதல் வரலாற்றாசிரியரின் கடமை. தொடக்கம் உடைய எதற்கும் முடிவும் உண்டு.

1883ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து ஒரு பிற்பகலில், கை நொந்திருந்த ஒருவரைக் களத்தில் நிறுத்தி, ‘இவருடன் ஆடு, இன்றேல் போ’ என்றார் ஒரு மேலாளர். புகழ் பெற்ற அணி ஆடிவிட்டுச் சென்றது. அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு 1887இல் நியூவர்க்கில் ஒருவர் இருந்திருப்பின், பஃபலோ கூட்டத்தில் மேலும் இரு வாக்குகள் மாறியிருப்பின், அறுபது ஆண்டுகளின் கதை வேறாக அமைந்திருக்கலாம். நாற்பத்திரண்டு ஆட்டங்களே ஆடிய மோசஸ் பிளீட்வுட் வாக்கரின் வாழ்க்கை உணர்த்துவது இதுவே: அநீதி வெல்வது அதன் வலிமையால் மட்டுமன்று, அதனை மறுக்க வேண்டியவர்கள் வாய் மூடி நிற்பதாலும் ஆகும்.